பழைய நம்பரும் செல்லும்

உங்கட வீட்டு அடையாள அட்டைகளை எல்லாம் ஒருக்கா மேசையில் பரப்பி வைங்க. அம்மாவுடைய அட்டையில் ஒன்பது இலக்கமும் கடைசியில் ஒரு ஆங்கில எழுத்தும் இருக்கும். தம்பியுடைய அட்டையில் பன்னிரண்டு இலக்கம் இருக்கும், எழுத்து இருக்காது. இந்தப் பன்னிரண்டு இலக்க முறை 2016இல் வந்தது. பழைய முறையில் பிறந்த ஆண்டுக்கு இரண்டு இலக்கம்தான். 1905இல் பிறந்தவருக்கும் 05, 2005இல் பிறந்தவருக்கும் 05. நூற்றாண்டு மாறினால் இது குழம்பும். அதனால் ஆண்டை நான்கு இலக்கமாக்கினாங்க.

அப்படி மாற்றினபோது ஒன்றை மட்டும் செய்யல. பழைய நம்பர் இனிச் செல்லாது என்று சொல்லல. அம்மா இன்றைக்கும் பழைய அட்டையோடு பேங்குக்குப் போகலாம், வாக்குப் போடலாம், சிம் எடுக்கலாம். கவுண்டரில் இருக்கிற கம்ப்யூட்டர் இரண்டு வடிவத்தையும் ஏற்கப் பழகிக்கொண்டது. முன்னால் 19 போட்டு, கடைசி எழுத்தை எடுத்து, நடுவில் ஒரு பூச்சியம் சேர்த்தால் பழையது புதிய வடிவத்துக்கு வந்துரும். இரண்டு பதிப்பும் ஒரே நாட்டில், ஒரே வீட்டில், பக்கத்தில் பக்கத்தில் இருக்கு. ஒன்று மற்றதை மிதிக்கல.

பார்க்கச் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனால் இதே விஷயத்தைத் தங்களுக்குள்ளே செய்துகொள்ளக் கம்ப்யூட்டர்களுக்கு ஐம்பது வருஷம் போச்சு. இந்தக் கட்டுரை அந்த ஐம்பது வருஷத்தைப் பற்றியது. கலைப்பீடத்தில் இருக்கிற நாங்க எதுக்கு இதை எழுதுறம் என்று கேட்பீங்க. தொழினுட்பமாகத் தெரிந்தாலும் இதற்குள்ளே இருக்கிறது ஒரு பழைய சமூகக் கேள்விதான்: புதுசு வரும்போது, பழசை நம்பி இருக்கிற ஆட்களை என்ன செய்வது?

அலுமாரியில் இருந்த லைப்ரரி

முதலில் லைப்ரரி என்றால் என்ன என்று சொல்லிருவம். எந்தப் புரோகிராமும் எல்லா வேலையையும் தானே செய்வதில்லை. வர்க்கமூலம் கண்டுபிடிக்க, எழுத்தைத் திரையில் வரைய, ஃபைலைத் திறக்க என்று எல்லோருக்கும் தேவைப்படுகிற வேலைகளை யாரோ ஒருதரம் நன்றாக எழுதி வைப்பாங்க. மற்றவங்க அதை எடுத்துப் பாவிப்பாங்க. அப்படி எழுதி வைத்த தொகுப்புதான் லைப்ரரி.

இந்தப் பெயர் சும்மா வந்ததில்லை. 1949 மே மாதம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்ற கணினி வேலை செய்யத் தொடங்கியது. அதற்கான புரோகிராம்களைக் கடதாசி நாடாவில் துளை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். எல்லோருக்கும் பொதுவான சின்னச் சின்ன நிரல்களைத் தனித்தனி நாடாக்களில் துளைத்து, பெயரிட்டு, ஒரு அலுமாரியில் அடுக்கி வைத்தாங்க. அதுதான் லைப்ரரி. மொரிஸ் வில்க்ஸ், டேவிட் வீலர், ஸ்டான்லி கில் ஆகிய மூவரும் 1951இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே போட்டாங்க.

புரோகிராம் எழுதுகிறவர் அலுமாரியில் இருந்து தனக்கு வேண்டிய நாடாவை எடுப்பார். அதைத் தன்னுடைய நாடாவில் பிரதி பண்ணுவார். பிறகு திருப்பி வைத்திருவார். அதாவது ஒவ்வொரு புரோகிராமும் லைப்ரரியின் ஒரு சொந்தப் பிரதியைத் தனக்குள்ளேயே கொண்டுபோனது. நாளைக்கு யாராவது அலுமாரியில் உள்ள நாடாவைத் திருத்தினாலும் நேற்று எழுதிய புரோகிராம் அப்படியே ஓடும். பாதுகாப்பான வழிதான். ஆனால் அந்தத் திருத்தம் நல்ல திருத்தமாக இருந்தாலும் அதன் பலன் பழைய புரோகிராமுக்குக் கிடைக்காது. இன்னொரு சிக்கல், ஒரே விஷயம் நூறு இடத்தில் நூறு பிரதியாக இடம் பிடிக்கும்.

பொதுப் பீலி

நினைவகம் பொன் விலை விற்ற காலத்தில் நூறு பிரதி என்பது பெரிய ஊதாரித்தனம். அதனால் அடுத்து வந்த யோசனை: ஒரே ஒரு பிரதியைப் பொது இடத்தில் வைப்பம், எல்லாப் புரோகிராமும் ஓடுகிற நேரத்தில் வந்து அதைப் பாவிக்கட்டும். 1985இல் வந்த முதல் வின்டோஸிலேயே இந்த ஏற்பாடு இருந்தது. டிஎல்எல் என்று முடிகிற ஃபைல்களை நீங்க பார்த்திருப்பீங்க. அவைதான் இந்தப் பொது லைப்ரரிகள். யூனிக்ஸ் பக்கமும் 80களின் இறுதியில் இதே வழிக்கு வந்தது.

லயத்தில் வளர்ந்தவங்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. வீட்டுக்கு வீடு கிணறு வெட்ட முடியாது. லயத்துக்கே ஒரு பீலி. எல்லோரும் அங்கேதான் குடத்தை வைக்கணும். செலவு குறைவு. பீலியைச் சுத்தம் பண்ணினால் ஒரே நேரத்தில் எல்லோருக்கும் நல்ல தண்ணி வரும். ஆனால் யாரோ ஒருத்தர் தன்னுடைய புது ஹோஸ் பைப்புக்குப் பொருந்துகிற மாதிரி பீலியின் வாயை மாற்றிவிட்டால்? அவருக்கு வேலை சுலபம். மற்ற எல்லா வீட்டு ஹோஸும் அன்றைக்கே உதவாமல் போயிரும்.

90களில் வின்டோஸில் நடந்தது சரியாக இதுதான். நீங்க ஒரு புதுப் புரோகிராமை இன்ஸ்டால் பண்ணுவீங்க. அது தனக்குத் தேவையான லைப்ரரியைத் தன்னோடு கொண்டுவரும். கொண்டுவந்து பொது ஃபோல்டரில், அதே பெயரில் ஏற்கெனவே இருந்த ஃபைலின் மேலேயே எழுதிரும். புதுப் புரோகிராம் அழகாக ஓடும். ஆனால் மூன்று வருஷமாகப் பாவித்த கணக்குப் புரோகிராம் மறுநாள் திறக்காது. சில நேரம் இதற்கு நேர்மாறாகவும் நடக்கும், பழைய புரோகிராமின் சிடியைப் போட்டால் புதிய லைப்ரரியின் மேல் பழையது ஏறிக்கொள்ளும். எது எதைக் கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே நாள் கணக்காகும். கடைசியில் ஊரில் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய் ‘ஃபோர்மட் பண்ணித் தாங்க’ என்று கேட்கிறதுதான் முடிவு. இந்தக் கஷ்டத்துக்குப் புரோகிராம் எழுதுகிறவங்க வைத்த பெயர் ‘டிஎல்எல் நரகம்’.

நரகத்துக்குக் காரணம் பொதுவாகப் பாவித்தது இல்லை. ஒரே பெயரில் இரண்டு வேறுபட்ட பொருள் இருந்ததுதான். பெயர் ஒன்றாக இருந்தால் ஒரு இடத்தில் ஒன்றுதான் நிற்க முடியும், வந்தது நின்றதைத் தள்ளிவிடும்.

பெயரோடு ஒரு எண்

யூனிக்ஸ், லினக்ஸ் பக்கத்து ஆட்கள் இதற்கு எளிமையான ஒரு வழி கண்டாங்க. லைப்ரரியின் பெயரோடேயே ஒரு எண்ணைச் சேர்த்தாங்க. லினக்ஸில் எல்லாப் புரோகிராமுக்கும் அடித்தளமான லைப்ரரி ‘லிப்சி’. அதன் ஐந்தாம் பதிப்பில் இருந்து ஆறாம் பதிப்புக்கு 1997, 98 அளவில் லினக்ஸ் உலகமே மாறியது. ஐந்தும் ஆறும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. ஆனால் ஒரு பெயர் 5 என்று முடிந்தது, மற்றது 6 என்று முடிந்தது. பழைய புரோகிராம் ‘எனக்கு ஐந்து வேணும்’ என்று கேட்டது, அதற்கு ஐந்து கிடைத்தது. புதியது ஆறைக் கேட்டு ஆறைப் பெற்றது. இரண்டும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இருந்ததால், கொஞ்சம் கொஞ்சமாக எல்லோரும் இடம் மாறி முடியும் வரைக்கும் வேலை நின்று போகல.

இந்த எண்ணை எப்போது மாற்றணும் என்பதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு. பிழையைத் திருத்தினாலோ, புதிய வசதியைச் சேர்த்தாலோ மாற்றத் தேவையில்லை. ஏற்கெனவே கொடுத்த வாக்கை முறித்தால் மாற்றியே ஆகணும். அப்போ அந்த எண்ணை ஒரு வாக்குறுதியாகவே எடுக்கலாம். எண் மாறாத வரைக்கும் உன்னுடைய வேலை கெடாது என்று அது சொல்லுது.

அந்த ஆறாம் பதிப்பு இன்றைக்கும் ஆறுதான். கால் நூற்றாண்டாக எண் மாறல. அதற்குள்ளே மாற்றமே நடக்கல என்று நினைக்காதீங்க. ஒரு சம்பவம் சொல்றம். தரவை ஒரு இடத்தில் இருந்து இன்னொரு இடத்துக்குப் பிரதி பண்ணுகிற ‘மெம்கொப்பி’ என்ற சின்ன வேலை அந்த லைப்ரரியில் இருக்கு. எடுக்கிற இடமும் வைக்கிற இடமும் ஒன்றின் மேல் ஒன்று விழக்கூடாது என்பது அதன் விதி. விதியை மீறினாலும் பழைய பதிப்பில் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. 2010 அளவில் இந்த வேலையை இன்னும் வேகமாக்கினாங்க. உடனே சில லினக்ஸ் கணினிகளில் ஃப்ளாஷ் பிளேயரின் சத்தம் கரகரக்கத் தொடங்கியது. ஃப்ளாஷ்தான் விதியை மீறியிருந்தது. ‘பிழை அவங்கட, நாங்க ஏன் மாறணும்’ என்று ஒரு பக்கம் வாதாடியது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் மறுபக்கம் நின்றார். பாட்டுக் கேட்கிற ஆளுக்குப் பிழை யாருடையது என்பதில் அக்கறை இல்லை, நேற்று வேலை செய்தது இன்றைக்கு வேலை செய்யல என்பதுதான் அவருக்குத் தெரியும் என்பது அவர் பக்கத்து நியாயம்.

கடைசியில் 2011இல் வந்த 2.14 பதிப்பில் ஒரு தீர்வு வைத்தாங்க. ஒரே ஃபைலுக்குள்ளேயே மெம்கொப்பிக்கு இரண்டு பதிப்பு. புதிதாக உருவாக்கப்படும் புரோகிராமுக்குப் புதியது. முந்தியே உருவான புரோகிராம் வந்து கேட்டால், அதற்குப் பழக்கமான பழையது. விதியை மீறினவனுக்கும் கதவை மூடல. இந்த முடிவு எங்களுக்கு மிகவும் பிடிச்சது.

வின்டோஸ் 2001இல் எக்ஸ்பி வந்தபோது தன் வழியில் இங்கே வந்து சேர்ந்தது. உங்கட கம்ப்யூட்டரில் வின்டோஸ் ஃபோல்டருக்குள்ளே ‘வின்எஸ்எக்ஸ்எஸ்’ என்று ஒன்று இருக்கும். அதில் வருகிற எஸ்-எக்ஸ்-எஸ்ஸுக்கு அர்த்தமே ‘பக்கத்தில் பக்கத்தில்’ என்பதுதான். ஒரே லைப்ரரியின் பல பதிப்புகள் அங்கே தனித்தனி ஃபோல்டர்களில் இருக்கும். ஒவ்வொரு புரோகிராமும் தனக்கு எந்தப் பதிப்பு வேணும் என்று ஒரு சிட்டையில் எழுதிக் கொண்டுவரும். இடம் நிறையப் பிடிக்குது என்று பார்த்து அந்த ஃபோல்டரை அழிக்கத் துடிக்கிறவங்க நிறைய. அழிக்க வேணாம். அது காட்டுகிற அளவு அதன் உண்மையான அளவை விடக் கூட. வேறு ஃபோல்டர்களில் இருக்கிற அதே ஃபைல்கள் இங்கேயும் எண்ணப்படுவதுதான் காரணம்.

கொழும்பிலேயும் இந்தச் சிக்கல் இருந்தது

இது ஏதோ கேம்பிரிட்ஜ், அமெரிக்கா சமாச்சாரம் மட்டும் என்று நினைக்க வேணாம். 2005இல் கொழும்பில் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் பெரிய நிறுவனங்களின் கணினி அமைப்புகளை ஒன்றோடொன்று பேச வைக்கும் மென்பொருளைச் செய்தது. அது ஜாவா மொழியில் எழுதப்பட்டது. ஜாவாவில் ஒரு பழைய குறை உண்டு: ஒரே பெயரில் இரண்டு பதிப்பு இருந்தால், வரிசையில் முதலில் நிற்பதுதான் எடுபடும், மற்றது இருந்தும் இல்லாத மாதிரிதான். பல பேர் எழுதிய நூற்றுக்கணக்கான லைப்ரரிகளைச் சேர்த்து ஒரு பொருளைக் கட்டும்போது இது பெரிய தலையிடி. ஒரு பகுதிக்கு ஒரு லைப்ரரியின் முதலாம் பதிப்பு வேணும், இன்னொரு பகுதிக்கு அதே லைப்ரரியின் இரண்டாம் பதிப்பு வேணும்.

டபிள்யூஎஸ்ஓ2 தன்னுடைய ‘கார்பன்’ என்ற அடித்தளத்தை ஓஎஸ்ஜிஐ என்ற முறையின் மேல் கட்டியது. அந்த முறையில் ஒவ்வொரு பொதியும் தன் பெயரையும் பதிப்பையும் அறிவிக்கணும். தனக்கு வேண்டியவற்றின் பெயரையும், ‘இந்தப் பதிப்பில் இருந்து இந்தப் பதிப்பு வரைக்கும் சரி’ என்கிற எல்லையையும் அறிவிக்கணும். அப்படி அறிவித்தால் ஒரே லைப்ரரியின் இரண்டு பதிப்பு, ஓடிக்கொண்டிருக்கிற ஒரே புரோகிராமுக்குள்ளே சண்டை இல்லாமல் இருக்கலாம்.

கடைசி ஆள் போகும் வரைக்கும்

இந்தச் சிந்தனையை அதன் எல்லை வரைக்கும் கொண்டுபோனவர் நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த எல்கோ டோல்ஸ்ட்ரா. 2003இல் அவர் தொடங்கிய ‘நிக்ஸ்’ என்ற அமைப்பில் பொது ஃபோல்டர் என்ற ஒன்றே இல்லை. ஒவ்வொரு லைப்ரரியும், ஒவ்வொரு பதிப்பும் தனக்கென்று ஒரு ஃபோல்டரில் இருக்கும். அந்த ஃபோல்டரின் பெயருக்கு முன்னால் 32 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு அடையாளம் வரும். அதை யாரும் விருப்பத்துக்கு வைக்க முடியாது. அந்த லைப்ரரி எந்த மூலத்தில் இருந்து, எந்தெந்தக் கருவியால் செய்யப்பட்டது என்பதில் இருந்து கணக்குப் போட்டு வருவது அது. ஒரு சின்ன மாற்றம் நடந்தாலும் அடையாளம் மாறிரும். அதனால் ஒன்றின் மேல் ஒன்று எழுதப்படவே வழியில்லை.

அப்போ ஹார்ட் டிஸ்க் நிறைந்துவிடாதா? நிறையும். அதற்கும் நிக்ஸில் ஒரு விதி இருக்கு. குப்பை கூட்டும்போது பழசா புதுசா என்று பார்ப்பதில்லை. ‘இதை யாராவது இன்னும் பாவிக்கிறாங்களா?’ என்று மட்டும்தான் பார்க்கும். ஒரு புரோகிராம் பாவித்தாலும் அது இருக்கும். யாருமே இல்லை என்றால் போகும். ஒரு பொருளுடைய வயதை வைத்து முடிவு எடுப்பதற்கும், அதை நம்பி இருக்கிறவங்களை வைத்து முடிவு எடுப்பதற்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருக்கு. இந்த வரலாறு முழுக்க அந்த வித்தியாசத்தைத்தான் நாங்க பார்த்துக்கொண்டு வாறம்.

தமிழுக்கு வந்த கதை

இனி எங்கட பக்கத்துக்கு வருவம். உயர்தரத்தில் ஐசிடி படிச்சவங்களுக்குப் பைதன் மொழி தெரியும். 2008 டிசம்பரில் வந்த பைதன் 3, பைதன் 2ஓடு ஒத்துப்போகாத மாதிரி வேண்டுமென்றே செய்யப்பட்டது. முக்கியமான காரணங்களில் ஒன்று எழுத்து. ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று சாதாரணமாகக் கேட்டால் பைதன் 2 பதினைந்து என்று சொல்லும். அது எண்ணுவது கணினி சேமிக்கிற பைட்டுகளை. பைதன் 3 ஐந்து என்று சொல்லும். அது எண்ணுவது யூனிகோட் குறிகளை: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. இரண்டாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் மூன்று என்று சரியாகச் சொல்லும். அந்த மூன்றைச் சொல்ல ‘ஓப்பன்-தமிழ்’ மாதிரியான தமிழுக்கென்றே எழுதிய லைப்ரரி வேணும்.

ஆங்கிலத்தில் மட்டும் எழுதுகிறவங்களுக்கு இந்த மாற்றம் தொல்லையாகத்தான் தெரிந்தது. தமிழில் எழுதுகிற எங்களுக்கு அது தேவையான மாற்றம். ஆனாலும் பழைய பைதனில் எழுதிய கோடிக்கணக்கான வரிகள் உலகத்தில் இருந்தன. அதனால் இரண்டும் தனித்தனிப் பெயரில் பதினொரு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. 2020 ஜனவரி 1ஆம் திகதிதான் பைதன் 2க்கான ஆதரவு முடிந்தது. இடைப்பட்ட காலத்தில், 2007இல் இயன் பிக்கிங் செய்த ‘வேர்ச்சுவல்என்வ்’ என்ற கருவி ஒவ்வொரு வேலைக்கும் தனி அறை மாதிரி ஒரு ஃபோல்டரைத் தந்தது. ஒரு அறையில் பழைய லைப்ரரி, அடுத்த அறையில் புதியது.

இது எங்கட குழுவுக்கு ஏன் முக்கியம் என்றால், மாத்தளைப் பக்கத்தில் 90களின் இறுதியிலும் 2000களிலும் அச்சான கோயில் மலர்கள், பாடசாலை ஆண்டு மலர்கள், சின்னக் கவிதைத் தொகுப்புகள் என்று கொஞ்சம் பழைய சிடிக்கள் எங்களிடம் வந்து சேர்ந்தன. சிலவற்றின் அச்சுப் பிரதியைக் கறையான் தின்றுவிட்டது. எழுதியவங்களில் பலர் இப்போது இல்லை. மிஞ்சியிருப்பது பேஜ்மேக்கர் ஃபைல் மட்டும்தான், அதுவும் பாமினி எழுத்தில்.

பாமினி எங்கட நாட்டில் பல அச்சகங்களிலும் பாவித்த எழுத்துரு. அது ஆங்கில எழுத்துகள் இருக்கிற இடத்திலேயே தமிழ் எழுத்தை உட்கார வைத்தது. ஆங்கில ‘ஜே’யின் இடத்தில் த, ‘கே’யின் இடத்தில் ம. பாமினி இல்லாத கம்ப்யூட்டரில் ‘தமிழ்’ என்ற சொல்லைத் திறந்தால் ஜே, கே, பீ, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று வரும். ஒரே எண்ணுக்கு இரண்டு பொருள். ஆக, இதுவும் ஒரு டிஎல்எல் நரகம்தான், நடந்தது எழுத்துக்குள்ளே.

பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பு 2001இல் வந்த 7.0. இன்டிசைனில் சிஎஸ்6 வரைக்கும்தான் அந்த ஃபைலைத் திறக்கும். அதற்கு மேலே உள்ள பதிப்புகளில் திறக்காது. ஆக, சிஎஸ்6 இருக்கிற ஒரு பழைய மெஷின் வேணும். எழுத்தை வெளியே எடுத்த பிறகு யூனிகோடுக்கு மாற்றணும். பாமினியில் ‘கெ’ என்று எழுத முதலில் கொம்பு, பிறகு க. யூனிகோடில் முதலில் க, பிறகு கொம்பு. ‘கொ’ என்றால் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டையும் சரியாக அடையாளம் கண்டு சேர்க்கணும். எங்களுக்கு மூத்த ஒரு அண்ணா இதற்கென்று முந்தி எழுதிய நிரல் ஒன்று இருந்தது. அது பைதன் 2இல். எங்கட லெப்டொப்பில் இருந்தது பைதன் 3. அண்ணாவின் நிரலை மாற்றாமல், அதற்கென்று ஒரு தனி அறை போட்டு, பழைய பைதனை அதற்குள் வைத்து ஓட்டினம். வெளியே புதிய பைதனில் எழுத்துப்பிழை பார்க்கிற எங்கட சொந்த வேலை நடந்தது. தோட்டப் பாடசாலை ஒன்றின் மலரில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிய கவிதைகள் அப்படித்தான் திரும்பி வந்தன. அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது நாற்பது வயது நெருங்கும்.

யூனிகோடில் தமிழ் 1991இல் இருந்தே இருக்கு. இந்தக் கதையோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒன்று அதிலும் உண்டு. 1996இல் யூனிகோடின் இரண்டாம் பதிப்பில் கொரிய எழுத்துகளை அப்படியே வேறு இடத்துக்கு மாற்றினாங்க. பழைய இடத்தை நம்பி எழுதிய கொரிய ஃபைல்கள் குழம்பின. அந்தப் பாடத்துக்குப் பிறகு ஒரு விதி வந்தது: ஒரு எழுத்துக்கு ஒருதரம் கொடுத்த இடத்தை இனி மாற்றவும் கூடாது, பறிக்கவும் கூடாது. இன்றைக்கு நீங்க ஃபோனில் அடிக்கிற ‘அ’ இருபது வருஷம் கழித்தும் ‘அ’வாகவே இருக்கும் என்றால் அதற்கு இந்த வாக்குறுதிதான் காரணம்.

இலவசம் இல்லை

எல்லாப் பழசையும் கட்டிக் காப்பம் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. அதற்கு ஒரு விலை உண்டு. 2021 டிசம்பரில் ‘லொக்4ஜே’ என்ற ஜாவா லைப்ரரியில் பெரிய பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. திருத்தம் சீக்கிரமே வந்தது. ஆனால் அந்த லைப்ரரியின் பிரதிகள் வேறு புரோகிராம்களுக்குள்ளே, அவற்றுக்குள்ளே இன்னும் வேறு பொதிகளுக்குள்ளே என்று எங்கெங்கேயோ கிடந்தன. எங்கே இருக்கு என்று தெரியாததைத் திருத்த முடியாது. உலகம் முழுக்கத் தேடுதல் நடந்தது. பொதுப் பீலியாக இருந்திருந்தால் ஒரு இடத்தில் திருத்தியிருக்கலாம்.

புதியது எப்போதும் பாதுகாப்பு என்றும் இல்லை. 2014இல் ‘ஹார்ட்பிளீட்’ என்ற ஓட்டை ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியின் 1.0.1 பதிப்பில்தான் இருந்தது. அதற்கு முந்திய 1.0.0, 0.9.8 பதிப்புகளில் அது இல்லை. ஆக, பழசு நல்லதா புதுசு நல்லதா என்று கேட்பதில் பயனில்லை. எது எங்கே இருக்கு, எந்தப் பதிப்பு, யார் அதை நம்பி இருக்காங்க என்று பெயர் எழுதி வைத்திருக்கிறமா என்பதுதான் கேள்வி. அண்ணாவின் நிரலையும் நாங்க இன்டர்நெட் இல்லாத மெஷினில்தான் ஓட்டுறம். பராமரிப்பு நின்றுபோன ஒன்றை வைத்திருப்பதென்றால் அந்தக் கவனமும் சேர்ந்தே வேணும்.

அலுவிகாரைக்குப் போற வழியில்

மாத்தளை டவுனில் இருந்து தம்புள்ளைப் பக்கம் ஏ9 வீதியில் மூன்று கிலோமீட்டர் அளவு போனால் அலுவிகாரை. அதுவரை வாய்மொழியாக இருந்த பௌத்தத் திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னனின் காலத்தில், அங்கேதான் ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. பாடசாலைச் சுற்றுலாவில் நாங்க எல்லோருமே ஏடு எழுதுகிறதை அங்கே பார்த்திருக்கிறம். லைப்ரரி என்ற சொல்லைப் பற்றி இவ்வளவு பேசிய பிறகு, எங்கட மாவட்டத்தின் இந்தப் பழைய லைப்ரரியைத் தாண்டிப் போக முடியாது.

அதே வலகம்பா மன்னன்தான் அனுராதபுரத்தில் அபயகிரி விகாரையைக் கட்டினவர். ஏற்கெனவே இருந்த மகாவிகாரையும் புதிய அபயகிரியும் கருத்தில் பிரிந்தன. பிறகு பல நூற்றாண்டுகள் ஒரே நகரத்தில், தங்கள் தங்கள் நூல்களோடு பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இடையிடையே சண்டையும் நடந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு சங்கத்தை ஒன்றாக்கினார். மகாவிகாரையின் பதிப்பு நிலைத்தது. அபயகிரியின் நூல்கள் பெரும்பாலும் இன்று இல்லை. ஆய்வாளர் பலர் அபயகிரியோடு தொடர்புபடுத்தும் ‘விமுத்திமக்க’ என்ற நூல் முழுமையாகப் பிழைத்திருப்பது சீன மொழிபெயர்ப்பில்தான். ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே போய்ச் சேர்ந்த ஒரு பிரதியின் புண்ணியம் அது.

ஏட்டுச் சுவடியை யாரும் எரிக்க வேண்டிய அவசியமே இல்லை. எங்கட ஈரப்பதத்தில் சில நூறு வருஷத்தில் அது தானாகவே போயிரும். திரும்பத் திரும்பப் படியெடுத்தால்தான் இருக்கும். ஒரு பதிப்பு இல்லாமல் போவதற்கு அதைப் படியெடுக்காமல் விட்டாலே போதும். எரிக்கிறதும் நடந்திருக்கு என்பது வேறு கதை. 1848 மாத்தளைக் கிளர்ச்சியின்போது பிரித்தானியப் படை அலுவிகாரை நூலகத்தை அழித்தது.

சிடியும் ஏடு மாதிரித்தான். பத்து, இருபது வருஷத்தில் வாசிக்க முடியாமல் போகலாம். அதில் இருக்கிற ஃபைலை வாசிக்கிற புரோகிராம் அதற்கு முன்பே போயிரும். அந்தப் புரோகிராம் நம்பியிருக்கிற லைப்ரரி அதற்கும் முன்பே. மலையகத்தின் எழுத்து ஏற்கெனவே குறைவாகத்தான் அச்சானது. அதிலும் ஒரு பகுதி பாமினியில் இருக்கு.

அதனால் எங்கட ஹார்ட் டிஸ்க்கில் ஒவ்வொரு மலருக்கும் ஒரு ஃபோல்டர் போட்டிருக்கிறம். மாற்றம் செய்யாத பழைய ஃபைல், அது பாவித்த எழுத்துரு, யூனிகோடுக்கு மாற்றிய பிரதி என்று மூன்று. நாலாவதாக ஒரு சின்னக் குறிப்பு: எந்தப் புரோகிராமின் எந்தப் பதிப்பால் திறந்தம், எந்தப் பதிப்பால் மாற்றினம். யூனிகோட் பிரதி வந்த பிறகும் பழைய ஃபைலை அழிக்கிறதில்லை. எங்கட மாற்றத்தில் ஏதாவது எழுத்துத் தவறியிருந்தால், அடுத்து வாற ஆள் திரும்பிப் போய்ப் பார்க்க ஒரு இடம் வேணும். உங்கட வீட்டு அலுமாரியில் இந்த மாதிரி சிடி ஏதாவது கிடந்தால், வெளியே எறிய முதல் எங்களுக்குச் சொல்லுங்க. பழைய மெஷின் இன்னும் ஓடுது.